சுதந்திரம் பிறந்த வீடுகளும் அடிமைகளின் குடில்களும்

தேச விடுதலைக்கு உழைத்த பெரியோர்கள் வாழ்ந்த வீடுகளைப் புனித ஸ்தலங்களாகப் போற்றுவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். ஒரு தேசத்தார் தம் முன்னோரின் இல்லங்களை எவ்வாறு பேணுகிறார்கள் என்பதைக் கொண்டே, தம் சரித்திரத்தை அவர்கள் எவ்வளவு நேர்மையுடன் கற்றிருக்கிறார்கள் என்பதை ஒருவாறு அறிந்து கொள்ளலாம். எந்த அறை யாத்திரிகர்களுக்குத் திறந்து காட்டப்படுகிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எந்தக் கட்டடம் பழுது பார்த்து நிறுத்தப்பட்டது, எது மண்ணோடு மண்ணாக விடப்பட்டது என்பனவெல்லாம் அத்தேசத்தின் மனத்தைத் தெரிவிப்பவையாகும்.

இவ்வுண்மையை ஆராய விரும்புவோர்க்கு அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியா ராஜ்யத்தைவிடத் தகுந்த இடம் கிடைப்பது அரிது. பிரிட்டிஷ் மன்னரின் குடியேற்ற நாடாக இருந்த அப்பிரதேசமே ஜார்ஜ் வாஷிங்டனையும் தாமஸ் ஜெபர்ஸனையும் பாட்ரிக் ஹென்றியையும் ஈன்றது. அவர்கள் நடமாடிய வீடுகளும் வீதிகளும் இன்றும் நிற்கின்றன. பிரிட்டிஷ் பார்லிமெண்டு தங்கள் சம்மதமின்றி வரி விதிப்பது தங்களை அடிமைகளாக்குவதற்கு ஒப்பாகும் என்று அத்தலைவர்கள் முழங்கினார்கள். ஆனால் அவர்கள் முழங்கிய வீடுகளிலேயே, விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பு மக்கள் விறகு சுமந்தார்கள், விளக்கேற்றினார்கள். இந்த முரண்பாட்டை அவ்வீடுகள் எவ்வளவு காலம் மறைத்தன, பின்னர் எவ்வாறு ஒப்புக் கொண்டன என்பதுதான் இங்கே நாம் கவனிக்கப் புகும் விஷயம்.

பெண்மணிகள் காத்த மாளிகை

பொடோமாக் நதிக்கரையிலுள்ள மவுண்ட் வெர்னன் வாஷிங்டனின் இல்லம். மரத்தால் கட்டப்பட்ட வீடேயாயினும், பலகைகளைக் கருங்கல்லைப் போலச் செதுக்கி, ஈர வர்ணத்தின்மீது மணலைத் தூவிக் கல் மாளிகையைப் போலத் தோன்றச் செய்திருக்கிறார்கள். உள்ளே நடுக்கூடத்தில் பெரியதோர் இரும்புச் சாவி தொங்குகிறது. பாரிஸ் நகரத்து ஜனங்கள் 1789-ம் வருஷத்தில் தகர்த்த பாஸ்டீல் சிறைச்சாலையின் சாவி அது. வாஷிங்டனோடு தோள் சேர்ந்து போர் புரிந்த பிரெஞ்சு வீரர் லபாயெட் அதனை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார்.

இவ்வீடு அழியாமல் நிற்பதற்குக் காரணம் அரசாங்கம் அன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் அது பாழடைந்து சரியத் தொடங்கிற்று. 1853-ம் வருஷத்தில் நதியில் கப்பலேறிச் சென்ற தென் கரோலினாவைச் சேர்ந்த ஓர் அம்மையார் அதன் நிலைமையைக் கண்டு மனம் நொந்து தம் மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமீலா கன்னிங்ஹாம் குதிரையிலிருந்து விழுந்ததால் நெடுங்காலம் நோயுற்றிருந்தவர். அவ்வம்மையார் நாடெங்குமுள்ள பெண்களுக்கு விண்ணப்பம் விடுத்து ஒரு சங்கத்தை நிறுவினார். அமெரிக்கக் காங்கிரஸும் வர்ஜீனியா அரசாங்கமும் வாங்க மறுத்த வீட்டைப் பெண்மணிகள் 2 லட்சம் டாலர் திரட்டி விலைக்கு வாங்கினார்கள். 1860-ல் வீடு அவர்கள் வசமாயிற்று. அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. இன்றளவும் அதே சங்கந்தான், அரசாங்கத்தின் பணத்தை ஏற்காமல், அவ்வீட்டை நிர்வகித்து வருகிறது. வாக்குரிமை கூட இல்லாதிருந்த பெண்கள் தேசத்தின் சொத்தைக் காத்த இவ்வரலாறு நாம் அறிந்து பாராட்டத்தக்கது.

எனினும் மாளிகையைக் காத்த கைகள் குடில்களை உடனே நினைக்கவில்லை. வாஷிங்டன் காலமான 1799-ம் வருஷத்தில் அவருடைய ஐந்து பண்ணைகளிலும் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களிற் பாதிக்குக் குறைவானவர்களே அவருக்குச் சொந்தம். 153 பேர் அவருடைய மனைவியின் முதற் கணவர் குடும்பத்துச் சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியவர்கள் வாடகைக்குப் பிடிக்கப்பட்டவர்கள். தமக்குச் சொந்தமானவர்களைத் தம் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை செய்யுமாறு வாஷிங்டன் உயில் எழுதி வைத்தார். மனைவியோ அதுவரை காத்திராமல், 1801-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதியன்றே அவர்களை விடுவித்தார். வர்ஜீனியாவின் பெருந்தலைவர்களுள் இவ்வாறு செய்தவர் மிகச் சிலரே. அந்தப் பெருமையை அவருக்கு மறுப்பது நியாயமன்று. ஆனால் மற்ற 153 பேர் வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டனர். கணவன் விடுதலை பெற, மனைவியும் மக்களும் அடிமைகளாகவே பிரிந்து போன குடும்பங்கள் பல.

வாஷிங்டன் ஜனாதிபதியாகப் பிலடெல்பியாவில் வாழ்ந்த காலத்தில், 1796-ம் வருஷத்தில், ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் அவர் வீட்டினின்றும் தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குச் சென்றுவிட்டாள். அவளை மீட்டுக் கொணரத் தேசபிதா ஆட்களை அனுப்பினார், அவள் இணங்கவில்லை. வறுமையில் வாழ்ந்தும், அடிமைத்தனத்துக்குத் திரும்பாமலே 1848-ல் அவள் இறந்தாள். பாஸ்டீல் சாவியைக் கண்டு மகிழும் யாத்திரிகன் இவள் கதையையும் கேட்டாலன்றி அவ்வீட்டை முழுதும் கண்டவனாகான். அடிமைகள் புதைக்கப்பட்ட இடத்தில் 1929-ல் ஒரு சிறு கல் நாட்டப்பட்டது. 1983-ல்தான் தகுந்ததொரு நினைவுச் சின்னம் எழுந்தது.

மறுபிறவி எடுத்த நகரம்

அடுத்து, வில்லியம்ஸ்பர்க் நகரைக் காண்போம். 1699 முதல் 1780 வரை அதுவே வர்ஜீனியாவின் தலைநகரம். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறிய பின் ஊர் உறங்கிப் போயிற்று. குட்வின் என்னும் பாதிரியார் பழைய நகரை மீண்டும் எழுப்ப வேண்டுமென்று கனவு கண்டு, கோடீசுவரரான ஜான் ராக்பெல்லரின் புதல்வரை 1926-ல் இணங்க வைத்தார். பணம் யாருடையது என்பது 1928 வரை இரகசியமாகவே வைக்கப்பட்டது. வீடுகள் ஒவ்வொன்றாக வாங்கப்பட்டன. பிற்காலத்தில் எழுந்த கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் அகற்றப்பட்டன. பழைய அஸ்திவாரங்கள் தோண்டிக் காணப்பட்டன. இன்று அங்கே குதிரை வண்டிகள் ஓடுகின்றன. கொல்லர்களும் தச்சர்களும் பழைய முறைப்படியே தொழில் நடத்திக் காட்டுகிறார்கள்.

இங்கே யாத்திரிகன் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சுமார் 90 கட்டடங்களே அக்காலத்தில் எழுந்தவை. மற்றவை 1930-ம் வருஷத்துக்கு முன்னும் பின்னுமாகப் புதிதாக எழுப்பப்பட்டவை. பிரிட்டிஷ் கவர்னரின் அரண்மனை 1781-ல் தீக்கிரையாயிற்று; இன்று நாம் காண்பது 1934-ல் திறக்கப்பட்டது. அதனை எழுப்ப ஜெபர்ஸன் வரைந்து வைத்த படமும், ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்தில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பழைய செப்புத் தகடும் உதவின. சட்டசபைக் கட்டடத்தின் கதை இன்னும் வியப்பானது. முதற் கட்டடம் 1747-ல் எரிந்தது. அதன் பின் எழுந்த இரண்டாவது கட்டடத்தில்தான் பாட்ரிக் ஹென்றி 1765-ல் முத்திரை வரியை எதிர்த்துக் கர்ஜித்தார். சுதந்திரம் வேண்டுமென்ற வர்ஜீனியாவின் தீர்மானமும் 1776-ம் வருஷம் மே மாதம் அங்கேயே நிறைவேறிற்று. ஆனால் முதற் கட்டடத்தைப் பற்றிய ஆதாரங்கள் மிகுதி என்பதால் அதையே கட்டி எழுப்பினார்கள். ஹென்றி பேசிய சபை இதுவென்று மெய்சிலிர்க்கும் யாத்திரிகன் நிற்பது, ஹென்றி பேசுவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே எரிந்து போன கட்டடத்தின் சாயலில்!

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகர மக்களிற் பாதிப்பேர் கறுப்பு மக்கள். புதுப்பிக்கப்பட்ட நகரிலோ அவர்கள் கதை பேசப்படவே இல்லை. 1979 முதற்கொண்டே அவர்கள் வாழ்க்கையும் யாத்திரிகர்களுக்கு எடுத்துக் காட்டப்படலாயிற்று. 1776-ல் தோன்றியதெனக் கூறப்படும் கறுப்பு மக்களின் பாப்டிஸ்டு சபையின் பழைய கோவில் 1950-களில் இடிக்கப்பட்டு, பின்னர் அவ்விடம் மோட்டார் வண்டிகள் நிற்கும் தளமாயிற்று. 2020-ல் தளத்தைப் பெயர்த்துத் தோண்டியபோது கோவிலின் அடிப்படையும் முன்னோரின் சமாதிகளும் வெளிப்பட்டன. கறுப்புக் குழந்தைகளுக்காக 1760-ல் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடத்தின் வீடு, கல்லூரி வளாகத்தில் சாதாரண அலுவலகமாக மறைந்து கிடந்தது. மரத்தின் வளையங்களைச் சோதித்து அதன் வயதை நிச்சயித்தார்கள். 2023-ல் அவ்வீட்டையே பெயர்த்துப் பழைய நகருக்குள் கொண்டு வந்து வைத்தார்கள். கவர்னரின் அரண்மனை திறக்கப்பட்டதற்கும் அடிமைக் குழந்தைகளின் பள்ளிக்கூடம் அந்நகருக்குள் வந்து சேர்ந்ததற்கும் இடையில் 89 ஆண்டுகள் கழிந்தன என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

யார்க்டவுன் புகட்டும் பாடம்

வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து சில மைல் தூரத்தில் யார்க்டவுன் இருக்கிறது. பிரிட்டிஷ் சேனாபதி கார்ன்வாலிஸ் பிரபு 1781-ம் வருஷம் அக்டோபர் மாதம் 19-ந் தேதி அங்கே சரணடைந்தார். சரணாகதி நிபந்தனைகள் பேசி முடிக்கப்பட்ட மூர் இல்லம் இன்றும் இருக்கிறது. அதே ஆண்டின் கோடையில் கார்ன்வாலிஸ் தங்கியிருந்த கல்லூரித் தலைவரின் வீடும், முற்றுகைக்கு முன் வாஷிங்டன் தங்கிய ஜார்ஜ் வைத்தின் வீடும் வில்லியம்ஸ்பர்க்கில் உள்ளன. தேசபக்தர் எவருக்கும் உள்ளம் பூரிக்கும் இடங்கள் இவை.

ஆனால் அம்முற்றுகையில் மற்றொரு கூட்டமும் இருந்தது. 1775-ல் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் பிரபு, கலகக்காரர்களின் அடிமைகளில் ஆயுதமேந்தத் தக்கவர்கள் தம் பக்கம் வந்தால் விடுதலை உண்டென்று பறைசாற்றினார். அவர் தருமவான் அல்லர். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். எதிரியின் பலத்தைக் குறைப்பதே அவர் நோக்கம். இருந்தும் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் படையை நாடி ஓடினார்கள். 1781-ல் மவுண்ட் வெர்னனிலிருந்து மட்டும் 17 பேர் ஆங்கிலப் போர்க்கப்பலில் ஏறிச் சென்றனர். யார்க்டவுனில் உணவு குறைந்து, பெரியம்மையும் பரவியபோது, நம்பி வந்தவர்களில் பலரைப் பிரிட்டிஷார் அரணுக்கு வெளியே துரத்தினார்கள். அவர்கள் இரண்டு படைகளுக்குமிடையே காடுகளில் மடிந்தார்கள். வெற்றி பெற்ற வாஷிங்டனோ எஞ்சியவர்களைப் பிடித்து எஜமானர்களிடம் ஒப்புவிக்க உத்தரவிட்டார்.

இதில் அரசியல் தொண்டர்கள் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. விடுதலைக்குப் போராடும் ஒரு சமூகம் தன்னுள் ஒரு பகுதியாரை அடிமைகளாக வைத்திருக்குமாயின், அந்நியன் நுழைவதற்குத் தானே வாயிலைத் திறந்து வைக்கிறது. அந்நியன் அவர்களை இரட்சிக்கப் போவதில்லை, பயன்படுத்திக் கைவிடுவான். ஆயினும் அவனை நம்பிச் சென்றவர்களைத் துரோகிகள் என்று சொல்ல, அவர்களைச் சங்கிலியில் வைத்திருந்தவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

மலைமேல் ஒரு மாளிகை

மாண்டிசெல்லோ என்பது ஜெபர்ஸன் தாமே திட்டமிட்டு, பல்லாண்டுகள் கட்டியும் இடித்தும் மீண்டும் கட்டியும் அமைத்த மாளிகை. சுதந்திரப் பிரகடனத்தை வரைந்து, மனிதர் யாவரும் பிறப்பில் சமமானவர் என்னும் கொள்கையை உலகறியச் செய்தவர் அவர். அவர் தம் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை உடைமையாகக் கொண்டிருந்தார். ஆணிப் பட்டறையில் 10 வயது முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்கள் வேலை செய்தார்கள்.

அவ்வீட்டின் சாப்பாட்டு அறையில் யாத்திரிகர்கள் வியந்து பார்க்கும் சாதனம் ஒன்று உண்டு. கணப்படுப்பின் பக்கத்தில் மறைந்திருக்கும் சிறு பெட்டிகள், கீழேயுள்ள நிலவறையிலிருந்து மதுப் புட்டிகளை மேலே கொண்டு வரும். மற்றொரு பக்கம், தட்டுகளைத் தாங்கிய சுழல் கதவு ஒன்று உணவை உள்ளே திருப்பித் தரும். சமையலறையும் சுரங்க வழிகளும் மேல்தளத்தின் அடியில் மறைக்கப்பட்டுள்ளன. நெடுங்காலம் இவை ஒரு மேதையின் கற்பனைத் திறனுக்குச் சான்றுகளாக மட்டுமே கூறப்பட்டு வந்தன. பரிமாறும் கைகள் விருந்தினர் கண்ணில் படாதிருக்கவும் இவை உதவின என்று சொல்வோர் பிற்காலத்தில்தான் தோன்றினர்.

1826-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி, பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவன்று, ஜெபர்ஸன் லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனோடு மறைந்தார். அடுத்த ஜனவரியில் அவ்வீட்டிலேயே 130 மனிதர்களை ஏலத்தில் விற்கலாயினர். 1834-ல் யூதரான கடற்படை அதிகாரி உரையா லீவி வீட்டை வாங்கிப் பழுது பார்த்தார். சுமார் 90 வருஷ காலம் அக்குடும்பத்தார் காத்த பின், 1923-ல் ஒரு தர்ம ஸ்தாபனம் அதனை 5 லட்சம் டாலருக்கு வாங்கிற்று.

அந்த ஸ்தாபனமே பின்னர் செய்த காரியம் போற்றற்குரியது. 1993 முதல் அவ்வீட்டு அடிமைகளின் சந்ததியாரைத் தேடிச் சென்று, அவர்கள் வீடுகளில் வழிவழியாக வழங்கிவரும் செய்திகளைப் பதிவு செய்து வருகிறது. ஜெபர்ஸன், ஸாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப் பெண்ணிடம் மக்களைப் பெற்றார் என்பது அச்சந்ததியார் நெடுநாளாகச் சொல்லி வந்த வார்த்தை. கற்றவர்கள் அதனை நெடுநாள் இகழ்ந்து தள்ளினார்கள். 1998-ல் நடந்த மரபணுச் சோதனை அவ்வார்த்தைக்கு ஆதரவாயிற்று. 2000-ம் ஆண்டில் ஸ்தாபனமே, கிடைத்த ஆதாரங்களனைத்தையும் ஆராய்ந்து, அது உண்மையாகவே இருத்தல் கூடும் என்று ஒப்புக் கொண்டது. 2018 முதல் அவளுடைய வரலாற்றைக் கூறும் ஓர் அறையும் அவ்வீட்டில் திறந்திருக்கிறது. ஏட்டுக்கு எட்டாத உண்மையை ஏழைகளின் நாவு இருநூறு ஆண்டுகள் காத்து வைத்தது!

எழுந்துள்ள ஆட்சேபம்

இவ்வாறெல்லாம் சொல்வது முன்னோரை இழிவுபடுத்துவதாகும் என்போரும் அந்நாட்டில் உளர். 2025-ம் வருஷம் மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவொன்று, மத்திய அரசாங்கத்தின் பொறுப்பிலுள்ள நினைவிடங்களில், குடியேற்ற காலத்தவர் உட்பட அமெரிக்கர் எவரையும் தகாதவாறு தாழ்த்திக் கூறும் விளக்கங்கள் இருத்தலாகாதென்று கூறிற்று. மேலே சொன்னவற்றுள் மவுண்ட் வெர்னன், வில்லியம்ஸ்பர்க், மாண்டிசெல்லோ ஆகிய மூன்று இடங்களும் தனிச் சங்கங்களால் நடத்தப்படுபவை. அவ்வுத்தரவு அவற்றை நேரே கட்டுப்படுத்தாது. எனினும் சரித்திரத்தின் பலகையில் என்ன எழுதுவது என்னும் வழக்கு அங்கே இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதை அது காட்டுகிறது.

இவ்வாட்சேபத்தை அலட்சியமாகத் தள்ளுவதும் சரியன்று. தன் பெரியோரைப் பழிப்பதையே தொழிலாகக் கொண்ட தேசம் தலை நிமிராது. ஆனால் உள்ளதைச் சொல்வது பழிப்பாகுமா? 317 பேர் இருந்தார்கள் என்பதும் 130 பேர் விற்கப்பட்டார்கள் என்பதும் எதிரிகள் கட்டிவிட்ட கதைகளல்ல. உரியவர்களின் கணக்குப் புத்தகங்களிலும் ஏலப் பத்திரங்களிலும் உள்ள செய்திகள். சமத்துவத்தைப் பற்றி ஜெபர்ஸன் எழுதிய வார்த்தையை எடுத்துக் கொண்டுதான் அடிமைகளின் சந்ததியார் தம் உரிமைக்குப் பிற்காலத்தில் போராடினார்கள். அவ்வார்த்தைக்கு மெய்யான மதிப்பைக் கொடுத்தவர்கள் அவர்களே. ஆகவே குடில்களைக் காட்டுவதால் மாளிகையின் பெருமை குன்றிவிடாது.

நமது கடமை

பழைய வீடுகளைக் காணச் செல்வோர் சுவர்ச் சித்திரத்தையும் கட்டிலையும் கண்டு திரும்பி விடுதல் போதாது. நிற்கும் சுவர் பழையதா, பின்னர் எழுப்பியதா என்று கேட்க வேண்டும். கல் சுமந்தவர் யார், கூலி பெற்றனரா என்று கேட்க வேண்டும். சமைத்தவர் எங்கே உறங்கினார், இறந்த பின் எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்க வேண்டும். வழிகாட்டி விடை கூறத் தயங்குமிடத்தில், சொல்லப்படாத கதை ஒன்று இருக்கிறதென்று அறிந்து கொள்ளலாம்.

இக்கேள்விகள் வர்ஜீனியாவுக்கு மட்டும் உரியவையல்ல. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் பிரபுவே ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792-ல் திப்பு சுல்தானின் இரு குமாரர்களைப் பிணையாகப் பெற்றார். அவருடைய சிலை சென்னைக் கோட்டை மியூசியத்தில் இருக்கிறது. அதன் பீடத்தில் அச்சிறுவர்களை ஒப்புவிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. ஒரு கரையில் தோல்வியின் சின்னமாக நிற்பவர், மற்றொரு கரையில் வெற்றியின் சின்னமாக நிற்கிறார். அச்சிலையைக் காண்போர் யார்க்டவுனையும் நினைப்பது நலம்.

அதோடு நின்று விடலாகாது. அந்நியர் கட்டிய கோட்டைகளில் நம்மவர் பட்ட பாட்டை நாம் கூசாமல் கேட்கிறோம், கேட்பது நியாயமே. நம்மவர் கட்டிய மாளிகைகளின் பின்கட்டிலும், பண்ணை வீடுகளின் களத்திலும் பாடுபட்டவர் யார் என்பதையும் அதே குரலில் கேட்கத் துணிய வேண்டும். அடிமைத்தனத்துக்குச் சட்டத்தின் ஆதரவில்லையென்று இந்தியாவில் 1843-ல் சட்டம் பிறந்தது. அப்படியொரு சட்டம் வேண்டியிருந்தது என்பதே போதிய சாட்சியன்றோ? நம் தலைவர்களின் இல்லங்களையும் நம் முன்னோரின் மாளிகைகளையும் அரசாங்கமும் பொதுமக்களும் பேணிக் காக்க வேண்டும். காக்கும்போது முன்வாசலோடு கொல்லைப்புறத்தையும் சேர்த்துக் காக்க வேண்டும். மவுண்ட் வெர்னனில் மாளிகைக்கும் கல்லறைச் சின்னத்துக்கும் இடையே 120 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. நாம் அவ்வளவு காலம் தாமதிக்க வேண்டியதில்லை.